மூன்றாம் வகுப்பின் இருமல்

பள்ளிக்குள் நுழைந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று, புதிதாகப் பயிற்றுநர் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் ஃபோனில் கேட்டார். வருகைப் பதிவேடா, கழிப்பறையா, கரும்பலகையா? வாசிக்கிற குழந்தையின் கண்ணைப் பார்ப்பேன் என்றேன். ஏதோ தத்துவம் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார் போல, லேசாகச் சிரித்தார். அது எனக்கு ஒரு மார்ச் மாதத்தில் வந்த பழக்கம். ஃபோனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் தாம்பரத்தைச் சுற்றியே ஆசிரியர் பயிற்றுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்கு முந்தைய ஆண்டு, இரண்டு கல்வி மாவட்டங்களின் பள்ளி மேம்பாட்டுத் திட்டங்களை ஒப்பிட்டு அறிக்கை தரும் வேலை என்னிடம் வந்தது. என்னோடு ரஃபீக்கும். பல்லாவரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னைப் போலவே பயிற்றுநர். இரண்டில் எது நல்ல திட்டம், எதை மற்ற மாவட்டத்துக்கும் மாதிரியாக வைக்கலாம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். மாவட்டப் பெயர்கள் வேண்டாம். முதலாவது, இரண்டாவது என்றே சொல்கிறேன்.

முதல் மாவட்டத்தின் திட்டம் அட்டை போட்டு, வண்ணத்தில், படங்களோடு வந்திருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஆண்டு முடிவதற்குள் சரளமாக வாசிக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. இலக்கு எட்டப்பட்டது என்று ஒவ்வொரு பள்ளியின் பக்கத்திலும் எழுதியிருந்தது. இரண்டாவது மாவட்டத்தின் திட்டம் குறைகளின் மூட்டை. ஒரு பள்ளியில் நாலு பிள்ளைகளுக்குக் கண் சரியில்லை, கண்ணாடி வேண்டும். இன்னொன்றில் ஒரு பையன் ப-வையும் ம-வையும் மாற்றிச் சொல்கிறான், இன்னும் சரியாகவில்லை. இப்படியே பக்கம் பக்கமாக. புலம்பல் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

நான் செய்த முதல் தப்பு அங்கேயே நடந்துவிட்டது. ஒரு பள்ளியைக்கூடப் பார்க்காமல், வீட்டில் டைனிங் டேபிளில் உட்கார்ந்து பாதி அறிக்கையை எழுதி முடித்திருந்தேன். ஜெயித்தது முதல் மாவட்டம்.

இரண்டாவது மாவட்டத்துப் பள்ளிகளை முதலில் பார்த்தோம். ஊரப்பாக்கம் பக்கத்து வகுப்பு ஒன்றில் ஒரு பையன் அரைப் பக்கத்தைப் படிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான். எழுத்தைக் கூட்டுவான், திணறுவான், மேலே பார்ப்பான், டீச்சர் தலையாட்டினதும் மறுபடி கூட்டுவான். எனக்குக் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. குறைந்த மதிப்பெண் போட்டுவிட்டு எழுந்தேன்.

அடுத்த நாள் முதல் மாவட்டம். கீழ்க்கட்டளையைத் தாண்டி ஒரு பள்ளி. உள்ளே போனதுமே எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, மாவட்டமே அச்சடித்துக் கொடுத்த வாசிப்புக் கையேட்டை விரித்தாள். மழை வரும் நாளைப் பற்றிய சின்னப் பத்தி அது.

"வானம் கறுத்தது. காக்கை கூட்டுக்குப் போனது. கொடியில்..." என்று படித்தவள், அங்கே நிறுத்தி லேசாக இருமினாள். பிறகு, "துணி காய்ந்தது. அம்மா ஓடி வந்தாள்" என்று முடித்தாள்.

தெளிவான வாசிப்பு. ஏற்றஇறக்கம்கூட இருந்தது. அடுத்து ஒரு பையன். அவனும் நன்றாகவே படித்தான். 'கொடியில்' வந்ததும் அவனும் இருமினான். மார்ச் மாதப் புழுதி, பக்கத்தில் கட்டட வேலை வேறு. மனதில் அதோடு விட்டுவிட்டேன்.

மேடவாக்கம் சாலையில் இரண்டாவது பள்ளி. வேறு டீச்சர், வேறு பிள்ளைகள். ஒரு சின்னப் பெண் படித்தாள். 'கொடியில்' என்று சொல்லி நிறுத்தி, இருமிவிட்டுத் தொடர்ந்தாள். இந்த முறை இன்னொன்றும் காதில் விழுந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அவள் மூச்சை இழுக்கும்போது மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம். எட்டு வயதுப் பிள்ளையின் மூச்சு அப்படி இருக்காது. நல்ல வெயிலில், ஃபேன் சுற்றாத அந்த அறையில், என் கைகளில் மயிர் எழுந்து நின்றது.

வெளியே வந்து பைக்கில் ஏறினோம். ரஃபீக் வண்டியைக் கிளப்பவில்லை. சாவியைப் பிடித்தபடி, பின்னால் திரும்பாமலே கேட்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? சிரிக்கக் கூடாது."

"இருமலா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "உங்களுக்கும் கேட்டுச்சா? எனக்கு மட்டும்தான்னு நெனச்சு ஒரு மாதிரி பேஜாரா இருந்துச்சுக்கா."

மூன்றாவது பள்ளி சிட்லபாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்தில். அங்கே நடந்ததை இன்னும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. ஒரு பெண் எழுந்து படித்தாள். ரஃபீக் அவள் பக்கத்தில் போய் நின்றார். பாதி வாக்கியத்தில், ரொம்ப மெதுவாக, அவள் கையிலிருந்த கையேட்டை வாங்கி மூடிவிட்டார். அவள் நிறுத்தவில்லை. புத்தகம் இருந்த இடத்தையே பார்த்தபடி, காலியான இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, அதே வேகத்தில் படித்துக்கொண்டே போனாள். கண் இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை.

அப்போதுதான் மற்ற பிள்ளைகளைக் கவனித்தேன். எல்லோருடைய உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன, சத்தமில்லாமல். 'கொடியில்' வந்தது. அந்தப் பெண் இருமினாள். கூடவே வகுப்பு முழுவதும், இருபதுக்கும் மேற்பட்ட சின்னத் தொண்டைகள், ஒரே நொடியில், மெதுவாக இருமின.

டீச்சர் மேசையில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அது பழகிப் போயிருந்தது.

கையேட்டின் பின்பக்கத்தில் பஸ்ஸைப் பற்றி வேறொரு பத்தி இருந்தது. அதை விரித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். "இதைப் படிம்மா."

அவள் பக்கத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். பிறகு அந்த விசில் மூச்சை உள்ளே இழுத்து ஆரம்பித்தாள். "வானம் கறுத்தது. காக்கை கூட்டுக்குப் போனது."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு வார்த்தை. என் கை அப்போது மதிப்பெண் தாளில் முழு மதிப்பெண்ணை எழுதி முடித்திருந்தது. சரளம், தெளிவு, உச்சரிப்பு என்று படிவம் கேட்ட எல்லாமே அந்தப் பிள்ளையிடம் இருந்தன. வாசிக்கத் தெரியுமா என்பதை மட்டும் படிவம் கேட்கவில்லை.

டீச்சரை வராண்டாவுக்கு அழைத்துக் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

"ஆடியோ மேடம். மாதிரி வாசிப்புன்னு ஆபீஸ்லேருந்து எங்க க்ரூப்ல வந்துது. காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ ஸ்பீக்கர்ல போடணும். எல்லா ஸ்கூல்லயும் போடறாங்க. புள்ளைங்க கேட்டுக் கேட்டு அப்படியே புடிச்சுக்கிட்டாங்க."

ஃபோனை எடுத்துப் போட்டுக் காட்டினார். ஒரு பெண்ணின் குரல். கனிவான குரல், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மூச்சு விசிலடித்தது. 'கொடியில்' வந்ததும் அடக்கப் பார்த்தும் முடியாத ஒரு சின்ன இருமல். அதோடு மேலே படித்து, 'அம்மா ஓடி வந்தாள்' என்ற இடத்தில் சட்டென்று அறுந்து நின்றது.

"யார் இது?"

"தெரியல மேடம். யாரோ டீச்சர்னு சொன்னாங்க."

அந்தப் பக்கத்து டீச்சர்கள் எல்லோரையும் அறிந்த ஒரு தலைமை ஆசிரியை தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு பள்ளியில் இருந்தார், எனக்குத் தெரிந்தவர். அவரிடமே போனோம். குரலை ஒரு வாக்கியம் போட்டதுமே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"அது எங்க மிஸ். இதே ஸ்கூல். அந்த ரூம்."

மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவர். நுரையீரலில் நோய். பள்ளிக்கு வர முடியாமல் போனபோது, தன் வகுப்புப் பிள்ளைகளுக்காக வீட்டில் படுத்தபடியே ஃபோனில் அந்தப் பத்தியைப் படித்து அனுப்பியிருக்கிறார். அடுத்த சில வாரங்களில் இறந்துபோனார். பிள்ளைகள் அதை ஆசையாகக் கேட்கிறார்கள் என்று தலைமை ஆசிரியை கல்வி அலுவலகத்தில் யாரிடமோ காட்டியிருக்கிறார். நல்ல யோசனை, எல்லாப் பள்ளிக்கும் அனுப்பலாம் என்று அங்கே முடிவானது. திட்டத்தில் மாதிரி வாசிப்பு என்ற முக்கியமான அத்தியாயமாக அது ஏறியது இப்படித்தான். அந்தப் பக்கங்களை நானும் படித்திருந்தேன், குரலைத்தான் கேட்டதில்லை. கெட்ட எண்ணம் யாருக்குமே இல்லை. அதுதான் எனக்கு அதிக பயத்தைத் தந்தது.

"மத்த ஸ்கூல்ல எப்படியோ தெரியாது மேடம்" என்றார் தலைமை ஆசிரியை. "இங்க மூணாம் வகுப்பு படிக்கறப்ப நான் வராண்டா பக்கம் போறதில்ல. புதுசா சேந்த புள்ளைங்க, அவங்கள பாத்ததே கிடையாது. ஆனா மூச்சு வாங்கறது அவங்களாட்டமே இருக்கு. உள்ள உக்காந்து இருக்காங்கன்னே தோணுது."

சற்று யோசித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "முதல்ல வந்ததுல கடைசில ஏதோ பேசுவாங்க மேடம். என்னன்னு ஞாபகம் இல்ல. அது இருந்த ஃபோன் போயிடுச்சு. அவங்க வூட்டுக்காரர்கிட்ட இருக்கலாம்."

அன்று சாயங்காலம் அந்தக் கணவரைத் தேடிப் பைக்கில் போகும்போது ரஃபீக்குக்கும் எனக்கும் முதல்முறையாக வாக்குவாதம் வந்தது. மறுநாள் பிற்பகல் கூட்டம். முதல் மாவட்டத்தின் திட்டம்தான் மாதிரி என்று அறிவிப்பதற்கு எல்லாமே தயார். பேனர்கூட அடித்துவிட்டார்கள் என்று கேள்வி.

"உள்ளதை எழுதினா என்ன ஆவும் தெரியுமாக்கா? ஆபீஸ்ல எவனும் பொறுப்பு ஏத்துக்க மாட்டான். ஒரு செத்துப்போன டீச்சர் தப்பா சொல்லிக் குடுத்துட்டாங்கன்னு ஃபைலை மூடுவாங்க. அந்தம்மா பதில் சொல்ல வர முடியுமா?"

"அப்ப எழுதாம விட்டா? அடுத்த வருஷம் ரெண்டு மாவட்டத்துலயும் இதே குரல் ஓடும், ரஃபீக்."

வண்டி பெருங்களத்தூர் நெரிசலில் நின்றது. எனக்கும் எது சரி என்று தெரியவில்லை. பாதி எழுதிய அறிக்கை வீட்டில் இருக்கிறது, மீதியை எழுதிக் கையெழுத்துப் போட்டால் எல்லோருக்கும் சந்தோஷம், இன்னும் ஒரு வருடத்தில் ஓய்வு. இப்படி நான் யோசிக்கவே இல்லை என்று உங்களிடம் சொன்னால் அது பொய்.

டீச்சரின் கணவர் ஊரப்பாக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு ஸ்டூல் போட்டார். ஆடியோவைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"யாரும் சொல்லல மேடம். நானே கேட்டேன். சேலையூர் பக்கம் ஒரு மோட்டார் டெலிவரி குடுக்க போய்க்கினு இருந்தேன். ஒரு ஸ்கூல் காம்பவுண்டு ஓரம் ட்ராஃபிக்ல வண்டி நின்னுச்சு. உள்ளேருந்து அவ இருமுறா. ஒரு குரல்ல இல்ல மேடம், இருவது முப்பது குரல்ல. எனக்கு இன்னா பண்றதுன்னே தெரியல. வண்டியை ஓரமா போட்டுட்டு நடந்தே வூட்டுக்கு வந்துட்டேன். அடுத்த நாள்தான் போயி எடுத்தாந்தேன்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ரஃபீக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவியின் ஃபோன் கடையிலேயே, மேசை டிராயரில் இருந்தது. தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறார். நான் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டு, "நீங்க கேளுங்க, நான் டீ சொல்லிட்டு வரேன்" என்று வெளியே போய்விட்டார்.

அதே குரல், அதே பத்தி. 'அம்மா ஓடி வந்தாள்.' எல்லாப் பள்ளியிலும் அறுந்து நின்ற அந்த இடத்தில் இந்தப் பதிவு நிற்கவில்லை. பெரிய மூச்சு ஒன்று வந்தது. அப்புறம் அவர் பேசினார்.

"இது மிஸ் படிச்சது. ஒரு தடவ கேட்டாப் போதும். இப்ப ஃபோனை அணைச்சுடுங்க. புக்கை எடுத்து நீங்களா படிங்க. தப்பா படிச்சாலும் பரவாயில்ல. மெதுவா படிச்சாலும் பரவாயில்ல. மிஸ் வந்து ஒவ்வொருத்தர்கிட்டயா கேக்கறேன்."

அவ்வளவுதான். யாரோ ஒருவர், பாடத்துக்குச் சம்பந்தம் இல்லாத சொந்தப் பேச்சு என்று அதை வெட்டிவிட்டு மீதியை எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் கூட்டத்தில் என் முறை வந்தபோது நான் அறிக்கையைப் படிக்கவில்லை. வெட்டிய பதிவை முதலில் போட்டேன், முழுப் பதிவைப் பின்னால் போட்டேன். கணவரிடம் கேட்டு, அவர் சம்மதித்து அனுப்பியது. இரண்டும் முடிந்ததும், கையேட்டை மூடிய பிறகும் படித்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். இரண்டாவது மாவட்டத்தின் திட்டத்தில் நான் புலம்பல் என்று எழுதிய பக்கங்களை எடுத்துக் காட்டி, பிள்ளைகளை உண்மையாகவே பார்த்தவர்கள் எழுதியது இது, நான் தப்பாக மதிப்பெண் போட்டேன் என்றும் சொன்னேன்.

எங்கள் அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "இதை நேத்தே எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். அதில் நியாயம் இருந்தது. நல்ல மனிதர், எல்லோர் முன்னாலும் அவரைச் சங்கடப்படுத்திவிட்டேன். தனியாகச் சொல்லியிருந்தால் அது தனியாகவே முடிந்திருக்கும் என்று அப்போது எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது, ஆனால் முன்பு இருந்த அளவு நிச்சயம் இல்லை. விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்தது, பதில் எழுதினேன். மாதிரித் திட்டம் என்ற அறிவிப்பு நின்றது. இரண்டில் எதுவும் ஜெயிக்கவில்லை. இறந்துபோன டீச்சர் மேல் யாரும் பழி போடவில்லை, முழுக் குரலையும் கேட்ட பிறகு யாருக்கும் அதற்கு வாய் வரவில்லை.

முழுப் பதிவை எல்லா வகுப்பிலும் ஒரே ஒரு முறை போட்டுவிட்டு, அத்தோடு நிறுத்தும்படி சொன்னார்கள். அது என் யோசனைதான். அந்த டீச்சர் என்ன சொன்னார் என்பதைப் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எட்டு வயதில் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று யோசிக்கவில்லை.

ஏப்ரலில், ஆண்டுத் தேர்வுக்கு முன்னால், சிட்லபாக்கம் பள்ளிக்குத் தனியாகப் போனேன். வகுப்பு வாசலில், பிள்ளைகளைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அதில் யாரும் இல்லை. எனக்காகப் போட்டது என்று நினைத்து உட்காரப் போனேன். முன் வரிசையில் ஒரு பையன் எழுந்துவிட்டான்.

"அது அந்த மிஸ்ஸுக்கு."

டீச்சர் என் காதருகே வந்தார். "நான் சொல்லல மேடம். ஆடியோ போட்ட மறுநாள்லேருந்து அவங்களா போடறாங்க. வந்து கேக்கறேன்னு சொன்னாங்க இல்ல. தினம் யாராவது ஒருத்தர் தொடைச்சு வெக்கறாங்க. சொல்லிடலாமா மேடம், அவங்க இல்லன்னு?"

சொல்லத்தான் வேண்டும், லீவு விடுவதற்குள் சொல்லுங்கள், இன்றைக்கு வேண்டாம் என்றேன். அது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. உங்களுக்கு இந்த வேலையில் இப்படி ஒரு கேள்வி வரும்போது என்னைக் கேட்காதீர்கள்.

நான் தரையில், பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அன்றைக்குக் கையேட்டை மூடிய பிறகும் படித்துக்கொண்டே போன அதே பெண் எழுந்து, பஸ்ஸைப் பற்றிய பத்தியை எடுத்தாள். அந்த நாற்காலியைப் பார்த்து நின்றுகொண்டாள். விரலை எழுத்தின் மேல் வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டினாள். 'பேருந்து' என்பதற்கு மூன்று தடவை முயற்சி. அவள் சொந்த மூச்சில், சொந்தத் தடுமாற்றத்தில் படித்தாள். வகுப்பில் யாருடைய உதடும் அசையவில்லை. இரண்டாவது வரியில் ஒரு சொல்லைத் தப்பாகப் படித்துவிட்டு மேலே போனாள்.

என்னையும் அறியாமல் திருத்த வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் இருந்த பெண் சட்டென்று திரும்பி, உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

"தப்பா படிச்சா பரவாயில்லன்னு சொல்லியிருக்காங்க" என்றாள் ரகசியக் குரலில். பிறகு நாற்காலிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.